கிளார்க் கேரின் பல்கலைக்கழகக் கொள்கை — ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழகம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கூறும் நூல்கள் மேனாட்டிற் பல. கார்டினல் நியூமன் 1852ஆம் ஆண்டிலே டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளும், ஏபிரகாம் பிளெக்ஸ்னர் 1930இல் வெளியிட்ட ஒப்பாய்வும் அவற்றுட் பெயர்பெற்றவை. ஒரு பெரும் பல்கலைக்கழக அமைப்பை நடத்திக்கொண்டிருக்கும் ஒருவர், அது எவ்வாறு இருக்கின்றது என்று ஒளிவுமறைவின்றி எழுதிய நூல்களோ மிகச் சில. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த கிளார்க் கேர் 1963ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை அவ்வாண்டிலேயே ‘பல்கலைக்கழகத்தின் பயன்கள்’ என்னும் பொருள்பட்ட பெயரோடு நூலாயின. பின்னர் 1972, 1982, 1995, 2001 ஆகிய ஆண்டுகளில் ஆசிரியரே புதிய இயல்களைச் சேர்த்து அதனை வெளியிட்டார். முதற் பதிப்பு வெளிவந்தபோது அவர்க்கு வயது ஐம்பத்திரண்டு. ஐந்தாம் பதிப்பு வெளிவந்தபோது தொண்ணூறு.

இந்நூலை, ஆசிரியர் செய்த காரியத்தோடு உடன்வைத்துப் படித்தாலன்றி அதன் பொருள் விளங்காது. 1960ஆம் ஆண்டின் கலிபோர்ணிய உயர்கல்விப் பெருந்திட்டம் அவர் முன்னின்று சமைத்தது. பல நிறுவனங்கள் அடங்கிய ஓர் அரச கல்வியமைப்பை நெடுங்காலச் சீர்திருத்தமொன்றின் வழியே நடத்திச் செல்லுதற்கு அவர் கைக்கொண்டதும் நூலிற் கூறியதும் ஒரே முறைதான். அம்முறை எத்துணைத் தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது.

கேர் பென்சில்வேனியாவில் 1911இற் பிறந்தவர். சுவாத்மோர் என்னும் சிறிய கல்லூரியிற் கற்று, குவேக்கர் சமயத்தாரின் கொள்கையை மேற்கொண்டவர். பேர்க்கிலியிற் பொருளியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றது 1939இல். தொழிலாளரும் முதலாளிகளும் பிணங்கிய இடங்களில் இரு திறத்தாரையும் ஒரு மேசையில் இருத்தி உடன்பாடு காண்பதே அவர் பயின்று தேர்ந்த கலை. இச்செய்தி அவர்தம் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு மாத்திரமன்று. அவருடைய கல்விக் கொள்கை முழுவதற்கும் திறவுகோல் இதுவே.

பேர்க்கிலியில் அவர் பெயர் முதன்முதலில் அறியப்பட்டதும் ஒரு பிணக்கிலேதான். 1949ஆம் ஆண்டில், ரீஜண்டுகள் எனப்படும் ஆட்சிக் குழுவினர், தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என ஆசிரியர் யாவரும் சத்தியஞ் செய்தல் வேண்டுமென விதித்தனர். மறுத்த முப்பத்தொரு பேர் 1950இல் நீக்கப்பட்டனர். கேர் தாம் ஒப்பமிட்டார். ஆயினும், ஒப்பமிடாதார் நீக்கப்படுவதை எதிர்த்து வாதாடினார். ஈற்றில் 1952இல் மாநில உயர் நீதிமன்றம் நீக்கப்பட்டோர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே கேர் பேர்க்கிலியின் முதலாவது வேந்தராக நியமனம் பெற்றார். (நம் நாட்டிலே வேந்தர் என்பது மதிப்புப் பதவி, அங்கே ஒரு வளாகத்தை நடத்துபவர் வேந்தர், எல்லா வளாகங்களுக்கும் மேலுள்ளவர் தலைவர்.) பெயரளவில் வேந்தரே யன்றி அதிகாரம் அவர்க்கு மிகச் சிறிது. 1930 தொடக்கம் 1958 வரை தலைவராயிருந்த றொபேட் ஸ்பிறவுல் சிறு காரியத்தையுந் தம் கையிலேயே வைத்திருந்தார். 1958இல் அவ்விடத்துக்குத் தாமே வந்த கேர், தலைமை அலுவலகத்தின் அதிகாரத்தைக் குறைத்து வளாகங்களுக்குப் பகிர்ந்தளித்தார். அதிகாரத்தைப் பெற்றவுடன் பகிர்ந்துகொடுப்பவர் அரியர். இச்செயலின் பயனைப் பின்னர் காண்போம்.

அக்காலத்திற் கலிபோர்ணியாவில் உயர்கல்வி ஒரு சந்தைக் கூச்சலாய் இருந்தது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் 1960களின் நடுப்பகுதியிற் பெருந்தொகையாய்ப் பல்கலைக்கழக வாயிலை அடைவர் என்பது எல்லார்க்குந் தெரியும். மாநிலக் கல்லூரிகளோ ஆசிரியப் பயிற்சிக் கழகங்களாய்த் தோன்றி வளர்ந்தவை. ஆராய்ச்சியும் கலாநிதிப் பட்டமும் தமக்கும் வேண்டும் என்றன. கனிட்ட கல்லூரிகள் தம்மை எவரும் உயர்கல்வி நிறுவனங்களாக மதியாமைக்கு வருந்தின. சட்டமன்ற உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்கு ஒவ்வொரு கல்லூரி கேட்டு மசோதாக்களைக் கொணர்ந்தனர். (இந்நோய் கலிபோர்ணியாவுக்கு மாத்திரம் உரியதன்று.) இந்நிலையிலே 1959இல் எல்லாத் தரப்பினரும் கூடித் தம்முள் ஓர் இணக்கத்துக்கு வருமாறு சட்டமன்றம் பணித்தது. தனியார் கல்லூரி ஒன்றின் தலைவரான ஆதர் கூன்ஸ் குழுவின் தலைவராயினார். பல்கலைக்கழகத்தின் சார்பில் டீன் மக்ஹென்றியும், மாநிலக் கல்லூரிகளின் சார்பில் கிளென் டம்கியும் அமர்ந்தனர்.

அவர்கள் கண்ட உடன்பாடு, கணக்கிலே சுருக்கமானது. உயர்தரப் பாடசாலையிலிருந்து வெளியேறுவோருள் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்கும், மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையர். கனிட்ட கல்லூரிகளின் கதவு கற்கவல்ல யாவர்க்கும் திறந்திருக்கும். அங்கே ஈராண்டு கற்றுத் தேறியோர் மேலிடங்களுக்கு மாறிச் செல்லலாம். அவர்க்கு இடம் இருத்தற்பொருட்டு, மேல்வகுப்பு மாணாக்கர் நூற்றுக்கு அறுபதும் கீழ்வகுப்பு மாணாக்கர் நூற்றுக்கு நாற்பதுமாகப் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரிகளும் தம் எண்ணிக்கையை அமைத்தல் வேண்டும். மாநிலத்தில் வதிவோர்க்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை என்ற பழைய கொள்கையும் மீள உறுதிசெய்யப்பட்டது. டொறதி டொனஹோ என்னும் சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்கும் சட்டம், 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆளுநர் பற் பிறவுணின் ஒப்பத்தோடு நிறைவேறியது.

இதன் உள்ளமைப்பை உற்றுநோக்குவார்க்குக் கேரின் கைத்திறன் புலனாகும். ஒவ்வொரு தரப்பும் ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்றது. பல்கலைக்கழகம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தாயிருந்த தன் அனுமதியைப் பன்னிரண்டரையாகக் குறைத்துக்கொண்டது; பதிலாக, கலாநிதிப் பட்டமும் மருத்துவமும் சட்டமும் அதற்கே உரியவாயின. மாநிலக் கல்லூரிகள் அப்பட்டத்தைத் தனித்து வழங்கும் ஆசையைக் கைவிட்டன. பல்கலைக்கழகத்தோடு கூடி வழங்கும் உரிமையையும், தமக்கெனத் தனி ஆட்சிக் குழுவையும் பெற்றன. கனிட்ட கல்லூரிகள் முதலாண்டு மாணாக்கருட் பெரும்பாலாரைச் சுமக்க ஒப்பின. உயர்கல்வியின் ஓர் உறுப்பு என்ற தகுதியை அடைந்தன. தனியார் கல்லூரிகளுக்கு அரசாங்கப் புலமைப் பரிசில்கள் மிகுந்தன. மேலே வாயிலை ஒடுக்கிக் கீழே வாயிலை அகலத் திறந்து, இரண்டுக்குமிடையே ஓர் ஏணியையும் சார்த்திவைத்த இவ்வமைப்பு, உயர்ச்சியையும் பொதுமையையும் ஒருங்கே காக்க எழுந்த முயற்சிகளுள் மிகத் துணிந்தது என்பது எம் கருத்து.

இப்போது நூலுக்கு வருவோம். அதன் முதலியல், பெரும் பல்கலைக்கழகம் ஒருமை இழந்து பல குழுக்களின் கூட்டாய் மாறிவிட்டது என்று காட்டி, அதற்கு ஒரு புதுப்பெயரைப் பரப்பியது. நியூமனின் பல்கலைக்கழகம் ஒரு கிராமம், பிளெக்ஸ்னருடையது ஒரு பட்டினம், இக்காலத்தது ஒரு மாநகரம் என்பது அவர் உவமை. ஒருமையைச் சுட்டும் இலத்தீன் மொழியடி நீங்கிப் பன்மையைச் சுட்டும் அடி அங்கே புகுந்தது. நமக்கு இதில் வியப்பில்லை. பல்கலைக்கழகம் என்ற நம் சொல்லில் அப்பன்மை முன்னரே உளது. இரண்டாம் இயல், இரண்டாம் உலகப் போரின் பின் வாஷிங்டனிலிருந்து பாய்ந்த ஆராய்ச்சிப் பணம் பேராசிரியரின் பற்று எங்கே கிடக்கும் என்பதையே மாற்றிவிட்ட வரலாறு. நடை தெளிவானது, வறண்டதன்று. பேராசிரியர்களை ஒன்றிணைப்பது வாகனத் தரிப்பிடம் பற்றிய முறைப்பாடே என நகையாடும் இடமும் உண்டு.

நூலின் நடுநாயகமாய் இருப்பது தலைவர் பற்றிய பகுதி. பழைய காலத்துப் பெருந்தலைவர்களைப்போல ஆணையிட்டு மாற்றம் செய்யும் காலம் போயிற்று என்பர் கேர். சிக்காகோவில் 1929 முதல் 1951 வரை ஆண்ட றொபேட் ஹச்சின்ஸ் அவ்வகையாரில் இறுதியானவர் என்பது அவர் கணிப்பு. இனிவருந் தலைவர் பெரும்பாலும் ஒரு நடுவர். பல தரப்பாரிடையே சமாதானத்தையும் முன்னேற்றத்தையுந் தேடுபவர். இரண்டும் முரணும்போது முன்னேற்றத்தையே தேர்தல் வேண்டும். இக்கூற்று வெளிவந்தபோது பலர் முகஞ்சுளித்தனர். தலைவர்க்கு நோக்கம் வேண்டாமோ என்றனர். இச்சொல்லுக்குக் கேர் பின்னர் விளக்கம் கூறவும் நேர்ந்தது. ஆனால் வரலாறு இதிற் கேரின் பக்கமே. ஹச்சின்ஸ் தம் மனோவலிமையால் எழுப்பிய இளநிலைப் பாடத்திட்டம் அவர் நீங்கிய சில ஆண்டுகளிலேயே கலையத் தொடங்கியது. கேரின் உடன்பாடோ, அவர் பதவி நீங்கிய பின்னும், அவர் இறந்த 2003இன் பின்னும், அடிப்படையில் நிலைத்தது. ஒருவர் உள்ளத்தில் மாத்திரம் இருக்குஞ் சீர்திருத்தம் அவரோடு போகும். பலருடைய நலன்களோடு பிணைக்கப்பட்டது, அந்நலன்கள் உள்ளவரை நிற்கும்.

அங்ஙனமாயின் குறை யாது? சந்து செய்தல் இருவகைப்படும் என்பதைக் கேர் கருதவில்லை. உறையூரில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர்கிழார் இடைநின்று போரைத் தவிர்க்க முயன்றதைப் புறநானூறு கூறும். துணைவஞ்சி என்பர் அத்துறையை. அப்புலவரே, கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்கு இடப் புகுந்தபோதும் இடைநின்றார். முன்னதில் இரு பக்கத்தும் படை உண்டு. பின்னதில் ஒரு பக்கம் அரசன். மறு பக்கம், நேர்வது இன்னதென்று அறியாத சிறார். கேர் முன்னதில் நிகரற்றவர். வன்மையுடையோர் நால்வர் அமர்ந்த மேசையில் அவர் அமைத்த உடன்பாடு இதற்குச் சான்று. அம்மேசையில் மாணாக்கர்க்கு ஆசனம் இல்லை. முதலாண்டு வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இல்லை. இனிப் பிறக்கும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் இல்லை.

இதனை அவர் அறியாதவரும் அல்லர் என்பதே இந்நூலின் துயரம். 1963இலேயே, புகழ்வாய்ந்த பேராசிரியர்கள் பெருகப் பெருக இளநிலை மாணாக்கர்க்குக் கற்பித்தல் புறக்கணிக்கப்படுகின்றது என்றும், அம்மாணாக்கர் ஆசிரியக் குழாத்துக்கு எதிராகவே கிளம்பக்கூடும் என்றும் எழுதினார். சாந்தா குறூஸ் நகரில் 1965இல் திறந்த வளாகம் இவ்வுணர்ச்சியிற் பிறந்தது. தாம் கற்ற சுவாத்மோரைப் பெரும் பல்கலைக்கழகத்தினுள்ளே பல சிறு கல்லூரிகளாக நட்டுப் பார்க்க, இளமைக்கால நண்பரான மக்ஹென்றியை அங்கே வேந்தராக்கினார். ஆனால் ஒரு வளாகத்திற் செய்தது பேர்க்கிலியின் நோய்க்கு மருந்தாகவில்லை. நோயை நுண்ணிதாய் அறிந்தவர் நூலில் அதனை எழுதி வைத்துவிட்டு, வலியோரிடை உடன்பாடு காணும் தம் வேலைக்குத் திரும்பினார்.

1964ஆம் ஆண்டு செப்டெம்பரில், பேர்க்கிலி வளாக வாயிலருகே மாணாக்கர் அரசியற் பிரசாரத்துக்கு மேசையிட்டு வந்த சிறு நிலத்துண்டு தடைசெய்யப்பட்டது. கேர் அப்போது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். திரும்பியபின் அத்தடை பிழையென்று உணர்ந்தும் அவர் அதனை நீக்கவில்லை. ஏன்? வளாகங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தவர் அவரே; வேந்தர் எட்வேட் ஸ்றோங் செய்ததை மேலிருந்து அழித்தல் தம் சீர்திருத்தத்தையே அழித்தலாகும் எனத் தயங்கினார். நெடுங்காலச் சீர்திருத்தத்தை நடத்துவோர்க்கு வரும் இடர்களுள் இது மிக நுட்பமானது. தான் வகுத்த விதி தன் கையையே கட்டும். ஒக்டோபர் முதலாந் தேதி ஒருவரைக் கைதுசெய்த பொலிஸ் வாகனத்தை மாணாக்கர் முப்பத்திரண்டு மணி நேரம் சூழ்ந்திருந்தனர். டிசெம்பரில் நிருவாகக் கட்டடத்துள் இருந்த ஏறத்தாழ 800 பேர் கைதாயினர். டிசெம்பர் 8ஆந் தேதி ஆசிரியர் பேரவை மாணாக்கரின் கோரிக்கைகளை 824க்கு 115 என்ற வாக்குகளால் ஆதரித்தது.

அவ்வாண்டிலேயே ஹால் டிரேப்பர் என்பவர் எழுதிய துண்டுப் பிரசுரமொன்று, கேரின் நூலைத் தொழிற்சாலைக் கல்விக்கு வகுத்த திட்டமெனக் காட்டி மாணாக்கரிடையே பரவியது. அவ்வாசிப்பு நேர்மையானதன்று. உள்ளதை உள்ளவாறு கூறியவரை, அதனை விரும்பியவராகத் திரித்தல் விமரிசனம் ஆகாது. பொதுவுடைமையாளர் வளாகத்தில் உரையாற்றலாகாது என்ற தடையை 1963இல் நீக்குவித்தவர் கேர். கல்விச் சுதந்திரத்தைக் காத்தமைக்காக 1964இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் விருதையும் பெற்றவர். எனினும் டிரேப்பர்க்கு இடங்கொடுத்தது நூலின் குரலே. கேர் விவரிக்கும்போது உவப்பும் வெறுப்புங் காட்டார். நடுவரின் குரல் அது. இரு தரப்பாரிடையே அக்குரல் நம்பிக்கையை ஊட்டும். குறையுற்றவன் செவியில் அதே குரல் உடந்தையாய் ஒலிக்கும்.

மறுபுறத்தாரும் அவரை விட்டாரல்லர். மாணாக்கர்க்கு இளகினார் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1966இல் ஆளுநர் தேர்தலில் வென்ற றொனால்ட் றேகன், பேர்க்கிலியை ஒழுங்குபடுத்துவதைத் தம் பிரசாரப் பொருளாக்கினார். 1967 ஜனவரி 20ஆந் தேதி ஆட்சிக் குழு 14க்கு 8 என்ற வாக்குகளால் கேரை நீக்கியது. மத்திய புலனாய்வுத் துறை அவருக்கெதிராக மறைவிற் செய்தவை 2002ஆம் ஆண்டிலேதான் பத்திரிகையிற் பகிரங்கமாயின.

இனி, திட்டத்தின் எவ்வுறுப்பு எத்துணைக் காலம் நின்றது என்று பார்த்தல் தகும். கலாநிதிப் பட்டம் பல்கலைக்கழகத்துக்கே உரியது என்ற எல்லைக்கோடு, மாநிலக் கல்லூரிகள் வளர்ந்தமைந்த மாநிலப் பல்கலைக்கழகம் கல்வியியலில் தனித்து அப்பட்டம் வழங்கலாம் எனச் சட்டம் வந்த 2005வரை நின்றது, நாற்பத்தைந்து ஆண்டுகள். கட்டணமில்லை என்ற வாக்குறுதியோ பத்தாண்டில் உடைந்தது. 1970இல் ஆட்சிக் குழு ‘கல்விக்கான அறவீடு’ என்று வேறொரு பெயரால் பணங்கேட்கத் தொடங்கியது. சொத்து வரிக்கு எல்லை வகுத்த 1978ஆம் ஆண்டு வாக்கெடுப்பு கனிட்ட கல்லூரிகளின் வருவாயில் அடித்தது. 1984இல் அவையும் கட்டணம் கேட்டன. 2009 நவம்பரில் பல்கலைக்கழகம் நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு உயர்வை விதித்தது. அடுத்த ஆண்டிலே, நாற்பதாண்டாய் மறைந்து நின்ற பெயரை வெளிப்படையாகவே கற்பித்தற் கட்டணம் என மாற்றிக்கொண்டது. இலவசக் கல்வியின் பயனை 1945 தொடக்கம் கண்டுவந்த நம்மவர்க்கு இச்செய்தியின் பாரத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. எல்லைக்கோட்டைக் காக்க ஒரு பெரும் பல்கலைக்கழகம் விழித்திருந்தது. அதனைத் தாண்ட மற்றொரு நிறுவனம் விழித்திருந்தது. ஆகவே ஒவ்வோர் அடியும் பேரம்பேசியே நகர்ந்தது. கட்டணமின்மையைக் காக்க மேசையில் எவரும் இருந்திலர். பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது பணம். அது வரிசெலுத்துவோரிடமிருந்து வந்தாலென், மாணாக்கரிடமிருந்து வந்தாலென், கணக்கில் ஒன்றே. ஏணியின் கதியும் இத்தகையதே. மாறிச் செல்ல எண்ணிக் கனிட்ட கல்லூரி புகுவோருட் பெரும்பாலோர் அங்ஙனம் செல்வதில்லை. மேலிடம் கீழிடம் இரண்டும் தத்தம் பாடத்தை வகுத்துக்கொள்ள, இடைப்படியைச் செப்பனிடுவது எவர்க்கும் முதற்கடமையாகவில்லை. 2010இலேதான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர்க்கென ஒரு பொதுப் பட்டம் சட்டத்தால் வகுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் சென்றன.

இக்குற்றத்தைக் கேர் ஒருவர் தலையிற் சுமத்துதல் அநீதி. மாணாக்கரை மேசைக்கு அழைத்திருந்தால் 1959இல் உடன்பாடே ஏற்பட்டிராது எனலாம். அந்நாளில் அவர்க்கு அமைப்பும் இல்லை, பேசவல்ல பிரதிநிதியும் இல்லை. ஆயினும் ஒன்று கூறலாம். அங்கில்லாதார்க்கு அளிக்கும் உறுதியைச் சட்டத்தின் கெட்டியான பகுதியிற் பதித்தல் வேண்டும். அங்கிருப்போர் தம் பங்கைத் தாமே காத்துக்கொள்வர். கலிபோர்ணியாவில் நடந்தது மறுதலை: நிறுவனங்களின் பணியெல்லை சட்டமாயிற்று, மாணாக்கர்க்கு அளித்த உறுதி கொள்கையளவில் நின்றது.

கேர் பதவி இழந்தபின் கார்ணேகி ஆணைக்குழுவின் தலைவராய் 1973வரை செய்த ஆய்வுகள் இவ்விடத்திற் கவனிக்கத்தக்கவை. வறிய மாணாக்கர்க்கு நேரே உதவிப்பணம் அளிக்குமாறு அவ்வாணைக்குழு வற்புறுத்தியது. 1972இல் அமெரிக்க அரசாங்கம் அத்தகைய திட்டமொன்றைச் சட்டமாக்கியது. மேசையில் இல்லாதவனுக்காகப் பேசுவதைக் கேர் பதவி நீங்கியபின் கற்றார் என்று சிலர் கூறுவர். யாம் அவ்வளவு கூறோம். பதவியிலிருக்கும் நடுவர்க்குத் தம் நிறுவனமும் ஒரு கட்சி. கேர் 1959இல் நடுவராகவும் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஒருங்கே இருந்தார். 1967இன் பின் அவர்க்கு அக்கட்டு இல்லை.

நூலின் பிற்பதிப்புகளில் இவை யாவும் ஒருங்கே வெளிப்படா. 1972ஆம் ஆண்டு இயலில் காயத்தின் வடு தெரியும், 1982இல் அமைதி, 1995இல் அரசாங்கப் பணம் சுருங்குவதைக் கண்ட கவலை. 2001இல் எழுதிய இறுதி இயலிலே, இனி வருவதை முன்னுரைக்கும் துணிவை ஏறத்தாழக் கைவிட்டு, வருங்காலத்தை ஒரே பெருநோக்காற் காணும் மதியைவிட, பல வழிகளை வேவுபார்க்கும் மதியே வேண்டும் என்கின்றார். அதே காலத்தில் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளின் இரண்டு பகுதிகளில், முதலாவது பெருந்திட்டத்தைப் பற்றி விரிவாகப் பேசுவது, படிக்கச் சுவையானது. இரண்டாவது 1964ஐப் பற்றியது. ஆவணங்கள் மலிந்து சிலவிடத்துச் சோர்வு தருவது. இருந்தும், செப்டெம்பர் மாதத்துத் தடையை நீக்காமல் விட்டமைக்குத் தாம் கூறிக்கொண்ட காரணங்களை அவர் ஒவ்வொன்றாய் எடுத்துச் சோதிக்கும் இடம் அதிலேதான் உண்டு. கல்வி நிருவாகம் பயிலும் மாணாக்கர் 1963ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளைப் படித்து முடித்தவுடன் அப்பக்கங்களைத் திறத்தல் நன்று.